மூன்று கரண்டி

எர்மொசீயோவில் நள்ளிரவு தாண்டியும்
சுவர்கள் பகலைக் கக்கிக்கொண்டிருக்கின்றன.
நலவாழ்வுத் தொலைபேசி அறையில்
எனக்கு மூன்றாவது நாற்காலி.
ஹெட்போன் பஞ்சு காதோடு ஒட்டி நனைந்திருக்கிறது.

ஜூலை வந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வி.
புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை,
இரண்டு மாதம், மூன்று மாதம்,
உதடு காய்ந்த மாதிரி இருக்கிறது,
ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தால் என்ன?

வேண்டாம் என்கிறேன்.
விடியற்காலை மூன்று மணி நேரம் மட்டும்
குழாய் பேசுகிற ஊரில்
தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல
எனக்குச் சம்பளம்.

பாலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, செஞோரா.
அதே பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.
நனைந்த டயப்பரை எண்ணுங்கள்.
ஆறு வந்தால் நீங்களும் தூங்கலாம்.

போன வாரம் ஒருத்தி சண்டைக்கே வந்தாள்:
நாய்க்குச் சட்டியில் வைக்கிறேன்,
கற்றாழைக்குக்கூட ஊற்றுகிறேன்,
பெற்ற மகனுக்கு இல்லையா?
அவன் சிறுநீரகம் இன்னும் தொழில் பழகவில்லை என்றேன்.
மிஞ்சிய நீரை வெளியே தள்ளத் தெரியாமல்
ரத்தத்தின் உப்பைக் கரைத்துவிடும்.
உப்பு குறைந்த குழம்பென்றால் சரிசெய்யலாம்,
குழந்தையென்றால்...
முடிக்கவில்லை.
அவள் வைத்துவிட்டாள்.

இன்று இரண்டு இருபதுக்கு ஓர் ஆண் குரல்.
ரெஃபூகியோ புயிதிமேயா,
தர்பூசணிக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்.
அவர் கேள்வியே கேட்கவில்லை.
ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்ததில்லை, செஞோரிட்டா,
ரேடியோவில் சொன்னார்களே, அதன்படிதான்.
மகள் அம்பாரோ, பதினோரு வாரம்.
அழுவதே இல்லை. நல்ல பிள்ளை.
நேற்றிலிருந்து தூக்கம்தான்.

டயப்பர்?
பத்து, பன்னிரண்டு. தெளிந்த நீராகத்தான் போகிறது.
முகம்?
கொஞ்சம் கன்னம் வைத்திருக்கிறது, என்றார்,
அதில் ஒரு சின்னப் பெருமை.
உடம்பு?
சில்லென்று.

இந்த வெக்கையில், சில்லென்று.

என் பென்சில் நின்றது.
பால் எப்படிக் கலக்குகிறீர்கள்?

அந்தப் பக்கம் கூலரின் விசிறி
எதிலோ உரசி உரசிச் சுற்றியது.

டின்னில் ஐந்து கரண்டி என்று போட்டிருக்கிறது.
நீங்கள்?
...மூன்று.
பிறகு, யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல மெல்ல,
வெள்ளிக்கிழமைதான் கூலி.
பிறகு,
வெள்ளையாகத்தானே இருக்கிறது, செஞோரிட்டா.
பார்த்தால் பால் மாதிரியேதான்.

முகவரி வாங்கினேன். வண்டி அனுப்பினேன்.
இனி புட்டி வேண்டாம், கலக்கியதைக் கொட்டிவிடுங்கள்,
அவளை மடியிலேயே வைத்திருங்கள், கை கால் உதறினால்
அந்த நொடியே சொல்லுங்கள், போனை வைக்காதீர்கள்.
அவர் வைக்கவில்லை.
கையில் என்ன எடுத்து வரட்டும் என்றார்.
டின்னை எடுத்து வாருங்கள். கரண்டியோடு.
சைரன் அவர் தெருவில் திரும்புவது
என் காதுக்குள் கேட்டது,
கதவு, ஆட்கள், ஒரு நாற்காலி சாய்கிற சத்தம்,
அப்புறம் விசிறி மட்டும் கொஞ்ச நேரம்.

படிவத்தில் ஒரு கட்டம்:
குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் கொடுக்கப்பட்டதா?
இல்லை என்று குறித்தேன்.
பொய்யில்லை.
இந்த மாதம் முழுக்க எத்தனை பேரிடம்
அந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்று
எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி எங்களுக்குத் திரும்பச் சொல்வதில்லை.
விதி அப்படி, அலுவலக விதி.
மேசையில் என் தம்ளர்.
அதன் வெளிப்புறம் வியர்த்து
அம்பாரோ என்ற பெயரின் கடைசி எழுத்தைக் கரைத்திருந்தது.

அடுத்த விளக்கு எரிந்தது.
இளம் குரல், மூச்சிரைப்பு:
மகனுக்கு இரண்டு மாதம், புட்டிப்பால்தான்,
இந்த வெயிலுக்கு ஒரு மடக்கு...
சொல்கிறேன், என்றேன்,
அதற்கு முன்னால் ஒன்று.
ஒரு புட்டிக்கு எத்தனை கரண்டி போடுகிறாய்?

ஐந்து, என்றாள் பட்டென்று. ஏன்?

நான் மூச்சு விட்டது
அவளுக்கும் கேட்டிருக்கும்.